ஏலத்தில் இரண்டாவது ஆள்

எங்கள் தெருமுனையில் அப்போது இரண்டு டீக்கடைகள் எதிரெதிரே இருந்தன. ஒன்றில் எப்போதும் கூட்டம். டீ நன்றாக இருக்கும், பஜ்ஜி சூடாக இருக்கும், ஊர் வம்பு ஓசியில் கிடைக்கும். இன்னொன்றில் ஈ கூட யோசித்துவிட்டுத்தான் உட்காரும். எங்கள் கரையில் ஒருத்தன் இருந்தான், அவன் அங்கேதான் குடிப்பான். தன்னந்தனியாக பெஞ்சில் உட்கார்ந்து, கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடித்து முடித்து, கிளாசை வைத்துவிட்டு எதிர்க்கடையை ஒருதரம் பார்ப்பான். அந்தக் கடையின் இஞ்சி வாசம் அவனுக்கும் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஏண்டா தம்பி, துட்டு குட்த்து வவுத்த கெடுத்துக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா கீதுன்னு நான் எப்போ சொன்னேன்? கலீஜாத்தான் கீது," என்றான். "ஆனா இவன் கடைய மூடிட்டான்னு வெச்சிக்கோ அண்ணாத்தே, ஆறே மாசத்துல அவன் டீயும் இப்டித்தான் ஆவும்."

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எனக்கு இப்போது வேறு வேலை இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன, கடலுக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ஊரில் அவனை 'எதிர்க்கடை' என்பார்கள். சொந்தப் பேரைச் சொல்ல மாட்டேன். தான் இல்லாத இடத்தில் நாலு பேர் தன்னைப் பற்றிப் பேசுவது அவனுக்குப் பிடிக்காது. செத்துப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது என்றாலும் பிடிக்காததைச் செய்யக் கூடாது. என்னைவிடப் பத்து வயசு சின்னவன். அவனுடைய பைபர் படகில் நான் ரொம்ப காலம் ஆளாகப் போனேன். படகு அவனுடையது, முதலாளி அவன், ஆனாலும் என்னை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவான். முதல் சோறு எனக்குத்தான் போடுவான்.

ஆள் ஒல்லி. காது மட்டும் பெரிசு. திருவொற்றியூர் ஹைரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும், வாசலில் நின்று, "இதுக்கு எதிர்ல வேற எதுனா கடை கீதா?" என்று அந்தக் கடைக்காரனிடமே கேட்பான். சோப்பென்றால் யாரும் வாங்காத சோப்பு. பீடியென்றால் ஊர் பேர் தெரியாத பீடி. அவன் பெண்டாட்டி நல்ல வாய்க்காரி. "இந்தாளு என்ன கட்டுனதே அப்டித்தான்" என்பாள். "எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றவங்கல்லாம் எங்க அக்காவத்தான் கேட்டுகினு இருந்தாங்க. இவரு ஒருத்தருதான் என்ன கேட்டாரு." அப்போது மட்டும் அவன் சிரிப்பான்.

இந்தப் புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்றால், மீன் ஏலத்திலிருந்து வந்தது. எங்கள் கரையில் படகு வந்ததும் மீனை மணலில் கொட்டுவோம். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். ஏலம் விடுகிற பொம்பளை ஒரு விலை சொல்ல, ஒருவர் ஏற்ற, இன்னொருவர் அதற்குமேல் ஏற்ற, அப்படிப் போகும். அவன் சின்னப் பையனாக இருந்த காலத்தில் எங்கள் கரையில் ஒரே ஒரு வியாபாரிதான். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்கள், ஐஸ் வண்டி அவரிடம் மட்டும்தான் இருந்தது. ஏலம் நடக்கும். அந்தப் பொம்பளை தொண்டை கிழிய விலை சொல்லும். அவர் ஒன்றும் பேச மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். வெயில் ஏறும். வஞ்சிரத்தின் கண் வெளுக்கும். அப்புறமாக, கடலைப் பார்த்தபடியே, ஒரு விலை சொல்வார். அதுதான் விலை.

அவன் அப்பா அப்படி நின்று நின்று வாங்கிப்போன விலையை அவன் பார்த்திருக்கிறான். அவனுக்கு மீசை முளைத்ததும் செய்த முதல் காரியம், மீஞ்சூர்ப் பக்கம் போய் ஒரு சின்ன வியாபாரியைக் கூட்டிவந்ததுதான். மொபெட்டில் ஒரு ஐஸ் பெட்டி, அவ்வளவுதான் அந்த ஆளின் கம்பெனி. அவர் வந்து ஏலத்தில் நின்றார். பயந்துகொண்டே ஒரு விலை கேட்டார். அன்றைக்குத்தான் பெரிய வியாபாரி கடலிலிருந்து முகத்தைத் திருப்பி மீனைப் பார்த்தார்.

அந்தப் பருவம் முழுக்க எங்களுக்கெல்லாம் நல்ல விலை. ஆனால் நல்ல விலை கொடுத்தது யார்? பெரிய வியாபாரிதான். மொபெட்காரர் ஒன்று சொன்னால் இவர் ஒன்றரை சொல்லுவார். ஊர் இவருக்கே கொடுத்தது. மொபெட்காரருக்கு மீன் கொடுத்தவன் அவன் ஒருத்தன் மட்டும்தான், அதுவும் விலை குறைத்து. ஒருநாள் மொபெட் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை.

"உன் ஆளு தோத்துட்டான்டா," என்றேன்.

"தோக்கல அண்ணாத்தே. நின்னான். அவன் நின்னதுக்குத்தான் வெல ஏறிச்சி. அவன் ஜெயிக்கணும்னு நான் இட்டாரல, நிக்கணும்னு இட்டாந்தேன்." கொஞ்ச நேரம் மணலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். "ஊர்ல ஆளுக்கு ஒரு கூட மீனு குட்த்திருந்தா இன்னும் நின்னுகினு இருப்பான். எல்லாருக்கும் வெல வேணும், ஒருத்தனுக்கும் அவன் வேணாம்."

இன்ஜின் கதை வேறு மாதிரி. எங்கள் கரையில் எல்லாப் படகிலும் ஒரே கம்பெனி இன்ஜின்தான் இருந்தது. வேறொரு கம்பெனி புதிதாக வந்தது. இவன் போய் அதை வாங்கினான். கேட்பானேன். எண்ணூருக்கு நேரே, அனல் மின் நிலையத்துச் சிம்னிகள் தெரிகிற தூரத்தில், அது நின்றது. நானும் அந்தப் படகில்தான் இருந்தேன். நிலக்கரிக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் போகின்றன. நாங்கள் தேங்காய் மட்டை மாதிரி மிதந்துகொண்டிருக்கிறோம். நம்ம ஊர்ப் படகு ஒன்று வந்தது. கயிறு போடுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பேச்சு பேச வேண்டியிருந்தது.

"இன்னா எதிர்க்கட, இன்ஜினு நாஸ்டா துன்னப் பூட்ச்சா?"

"கயித்த போட்றா, அப்பால பேசலாம்."

"ஏன், புதுக் கம்பெனிக்குப் போன் பண்ணு, கயிறும் அவன் எட்த்தாருவான்."

கரைக்கு வந்தால், எங்கள் மெக்கானிக் அந்த இன்ஜினைத் தொட மாட்டேன் என்றார். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொஞ்ச காலத்தில் இன்னும் நாலு பேர் அதை வாங்கினார்கள். அதில் டீசல் மிச்சம். பழைய கம்பெனிக்காரன் காசிமேட்டில் ஒரு சர்வீஸ் கடையைத் திறந்தான், பார்ட்ஸ் விலையைக் குறைத்தான். இப்போது போய்ப் பார்த்தால் பாதிக்குப் பாதி இருக்கும். இன்ஜினில் எதிர்க்கடை ஜெயித்தான் என்று ஊரே ஒத்துக்கொண்டது. அந்த ஒத்துக்கொண்டதுதான் வினை. எல்லாம் இன்ஜின் மாதிரிதான் என்று அவன் நினைத்துவிட்டான்.

போனில் ஊருக்கு ஒரு குரூப் இருக்கிறது. தேசிங்கு என்று ஒருத்தன், சங்கத்தில் செயலாளர், அவன்தான் அதை நடத்துகிறான். காற்று எப்படி, காசிமேட்டில் இறாலுக்கு என்ன விலை, யார் வலை அறுந்தது, கோயில் வரி, கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லாம் அதில்தான் வரும். முன்பெல்லாம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒருத்தர் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வார். குரூப் வந்தபிறகு அந்த வழக்கம் தானாக நின்றுபோனது. உலகமே அந்த ஒரு கம்பெனியில்தான் பேசுகிறது என்கிறார்கள். இருக்கலாம். எங்கள் ஊர் அதில்தான் பேசுகிறது.

அப்போது அதே மாதிரி, வேறு கம்பெனியுடையது, புதிதாக இன்னொன்று வந்தது. வந்த வாரம் ஒரே அமர்க்களம். பசங்களெல்லாம் அதைப் போனில் போட்டுக்கொண்டு ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொன்னார்கள். நல்லாத்தான் இருக்கு என்றார்கள். அடுத்த வாரம் பந்தி முடிந்த மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் பழையதற்கே போய்விட்டார்கள். இவன் மட்டும் பழையதைப் போனிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, புதியதில் உட்கார்ந்துகொண்டான்.

அதே சமயம்தான் என் மகன் எனக்கு ஒரு போன் வாங்கிக்கொடுத்தான். எதிர்க்கடை அதை என் கையிலிருந்து வாங்கி, புதியதை மட்டும் போட்டுக்கொடுத்து, "இங்க அமுக்கிகினு பேசு, விட்டா எனக்கு வந்துடும்" என்று காட்டினான். எனக்கும் அதுவே போதுமாக இருந்தது. விடியற்காலையில் படகு தள்ளுவதற்கு முன்னால், "அண்ணாத்தே, காத்து தெக்கால கீது, கௌம்பறேன்" என்று அவன் குரல் வரும். நான் "சரி, பாத்துப் போ" என்பேன். இவ்வளவுதான் நாங்கள் பேசியது. என் பெண்டாட்டி சமையற்கட்டிலிருந்து சொல்வாள், "ஊரே கூடத்துல குந்திகினு பேசுது. நீங்க ரெண்டு பேரு மட்டும் கக்கூஸாண்ட நின்னு பேசிகினு கீறீங்க." அவள் போனில் பழையதுதான் இருந்தது. நாள் முழுக்க அவள் தங்கைகளோடு அதில்தான் சண்டை போடுவாள்.

ஒருநாள் சாயங்காலம், கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்களின்மேல் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கற்கள் கிடக்கிற இடத்தில் எங்கள் பழைய தெரு இருந்தது, என் வீடும் இருந்தது, அது வேறு கதை. தேசிங்கு வந்தான். கெட்டவன் இல்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசுவான்.

"யோவ் எதிர்க்கட, நீ இன்ஜின் மாத்துன, உன் படவு ஓடிச்சி. நாங்க மாத்தலன்னாலும் ஓடிச்சி. மொக்க டீ குடிச்சா உன் வவுத்துக்குள்ளதான் போவுது. இது அப்டியா? நாங்க வரலன்னா நீ யாராண்ட பேசுவ, மீனாண்டயா?"

"நீங்க ஏன் வரல?"

"எல்லாரும் அங்க கீறாங்க, அதான்."

"எல்லாரும் ஏன் அங்க கீறாங்க?"

"எல்லாரும் கீறதாலதான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "பாத்தியா? நல்லா கீதுன்னு ஒருத்தனும் சொல்லல," என்றான். "ஐஸ் கம்பெனிக்காரன் ஏமாத்துனா அவன் வாசல் கேட்டாண்ட போய் நின்னு கத்தலாம். இந்த குரூப்பு கம்பெனிக்காரனுக்கு கேட்டு எங்க கீது, சொல்லு."

"எதுக்குய்யா கத்தணும்? ஓசிலதான தர்றான்."

"ஏலத்துல ஒருத்தன்தான் நிக்கறான்னா, ஓசி கூட அவன் சொல்ற வெலதான்."

"சரி, நீ நில்லு. ஒத்தையா நில்லு," என்றான் தேசிங்கு. போகும்போது என் காதோரம் குனிந்து, "பெருசு, நீயாச்சும் சொல்லு. அவசரம்னா இன்னா பண்ணுவான்?" என்றான்.

நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டான். ஆனால் அவன் தனியாகப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. படகில் அவனோடு வருகிற இரண்டு ஆட்களும் முந்தின நாள் குரூப்பில் வந்த கிண்டலைச் சொல்லிச் சிரிப்பார்கள், இவனுக்குப் புரியாது. ஒரு காதுகுத்துக்குப் போகாமல் விட்டான். அது பகையானது. சில சாயங்காலங்களில் என்னிடம் வந்து, வேறு எதையோ பேசிவிட்டு, கடைசியில் வேண்டாதவன் மாதிரி, "அங்க இன்னா பேசிக்கறாங்க?" என்பான். நான் என் பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்வேன்.

அவள் ஒரு விடியற்காலையில் போனாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள், தண்ணீர் கேட்டாள், கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. மகன் தேசிங்குக்குச் சொல்ல, தேசிங்கு குரூப்பில் போட்டான்.

எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால், மண்ணில் வைக்கிறவரைக்கும் ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. எவ்வளவு மீன் ஓடினாலும் சரி. எதிரி வீட்டுச் சாவானாலும் சரி. அன்றைக்குப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் இடுப்பில் வரிசையாகப் போன் அடித்ததாம். தண்ணீரில் பாதி இறங்கிய படகுகளை அப்படியே மேலே இழுத்தார்கள்.

அவனுடைய படகு கற்களுக்கு அந்தப் பக்கம், தனியாக நிற்கும், அங்கிருந்து மற்ற படகுகள் தெரியாது. அவன் பெண்டாட்டி மீஞ்சூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். இரண்டு ஆட்களும் வரும் வழியில் செய்தியைப் பார்த்து, முதலாளிக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று திரும்பிப் போய்விட்டார்கள். இவன், பசங்க குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள் என்று நினைத்துத் தனியாகவே தள்ளிக்கொண்டு போனான். என் வீட்டு மூலையில் என் போன் ஒருதரம் சத்தம் போட்டது. யார் அதை எடுப்பார்கள்? பிற்பாடு கேட்டேன். "அண்ணாத்தே, பசங்க வரல. ஒத்தையாத்தான் போறேன். காத்தே இல்ல" என்று சொல்லியிருந்தான்.

கடலில் ஒரு படகுகூட இல்லை. அதைப் பார்த்ததும் அவன் என்ன நினைத்தான் தெரியுமா? எங்கேயோ மீன் கூட்டமாக ஓடுகிறது, குரூப்பில் சொல்லியிருப்பார்கள், எல்லாரும் அங்கே போயிருப்பார்கள், தனக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்தான். அதனால் திரும்பாமல் இன்னும் வெளியே ஓட்டினான். மீனைத் தேடி இல்லை, எங்களைத் தேடி. சிம்னிகள் மறைகிற தூரம்வரை போய், யாரையும் காணாமல், போன இடத்தில் வலையைப் போட்டு, கை நிறைய மீனோடு மத்தியானம் தாண்டித்தான் வந்தான். அதற்குள் அவளை மண்ணில் வைத்துவிட்டோம்.

வலை காயப்போட வந்த ஒரு பொம்பளைதான் அவனிடம் சொல்லியிருக்கிறது. பிடித்ததை எல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே கொட்டிவிட்டு, ஈர டிராயரோடு வந்தான். உள்ளே வரவில்லை. வாசல் சாமியானா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். நான் அவனைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது கம்பு மட்டும் இருந்தது.

பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர் கூடியது. கோயில் முன்னால் எல்லாரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அவனை நடுவில் நிற்க வைத்தார்கள். சாவு விழுந்த நாளில் கடலுக்குப் போன படகை அடுத்த அமாவாசைவரை மேலே ஏற்றி வைக்க வேண்டும், கோயிலுக்கு அபராதம் கட்ட வேண்டும், ஊரில் அதுவரை யாரும் அவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் ஊர்க் கட்டு.

"போடுங்க," என்றான். "தப்பு தப்புதான்."

ஊர்த் தலைவர் பெரிய மனுஷர். "நீ வேணும்னு செய்யலன்னு ஊருக்குத் தெரியும்பா. அந்த குரூப்பு இருக்கறத மறுபடி போன்ல போட்டுக்க. ஒண்ணும் வேணாம், வூட்டுக்குப் போ."

"படவ ஏத்தி வெக்கறேன். அபராதம் கட்றேன். அத்த மட்டும் கேக்காதீங்க."

"திமிரப் பாத்தியா," என்றது ஒரு குரல்.

"திமிரு இல்ல. போன்ல சொல்லுங்க, நான் வேணாங்கல. கூடவே ஒரு ஆளையும் தெருத்தெருவா அனுப்புங்க. ஒண்ணயே நம்பி ஊரே குந்திகினு இருந்தா, அதுல இல்லாதவன் ஊர்லயே இல்லாதவனா?"

"ஒரு ஆளுக்காக ஒரு ஆள அனுப்பணுமா?" என்றான் தேசிங்கு. கூட்டம் சலசலத்தது. நாலு பேர் எழுந்தே விட்டார்கள். இவனை ஊரைவிட்டே தள்ளி வைத்தால்தான் புத்தி வரும் என்று பின்னால் ஒருத்தன் சொன்னான். தலைவர் கையைத் தூக்கி அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் வூட்டு சாவு. நீ சொல்லுப்பா."

எனக்கு அபராதமும் வேண்டாம், நியாயமும் வேண்டாம். வீட்டுக்குப் போனால் அங்கே அவள் இல்லை என்பதைத்தான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இவனையும் தள்ளி வைத்துவிட்டால் காலையில் எனக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

"போட்டுக்கடா தம்பி," என்றேன். "அடுத்த சாவு என்னுதா இருந்தா, நீ கடல்ல இருக்கக்கூடாது."

எதிர்க்கடை என்னைப் பார்த்தான். அப்புறம் இடுப்பிலிருந்து போனை எடுத்து தேசிங்கிடம் நீட்டினான்.

தேசிங்கு ஏதோ செய்தான். நம்பர் கேட்டான், சொன்னான். கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் டிங் என்றது. அப்புறம் டிங் டிங் என்று நிற்காமல் அடிக்க ஆரம்பித்தது. இத்தனை நாளும் வராமல் நின்றவை எல்லாம் மொத்தமாக வந்தன. தேசிங்கு அவற்றைத் தள்ளிக்கொண்டே வந்தவன், "இது யாரு அனுப்புனது, பேச்சு கீது" என்று ஒன்றை அமுக்கினான்.

"தம்பி, நான்தான் அண்ணி பேசறேன்."

என் பெண்டாட்டி. செத்ததற்கு முந்தின நாள் சாயங்காலம், பழைய பழக்கத்தில் அதிலேயே சொல்லியிருக்கிறாள்.

"நாளைக்கி வலையில நண்டு கிண்டு மாட்டுச்சின்னா ரெண்டு எட்த்துகினு வா. உங்க அண்ணனுக்கு வாய்க்கு ஒண்ணும் புடிக்கல. தட்டுல கோடு போட்டுகினு குந்திகினு கீது. நான் கேட்டேன்னு சொல்லாத, அப்பால என்னாண்ட வள்வள்ளுன்னு வுழும். பால் பொங்குது, வெக்கறேன்."

கோயில் முன்னால் அத்தனை பேரும் கேட்டார்கள்.  தேசிங்கு போனை நெருப்புத் துண்டு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். எதிர்க்கடை அதை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். தலைவர், "சரி, எழுந்திருங்க" என்றார். அபராதத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. சாவு சொல்ல ஆள் அனுப்புவதைப் பற்றியும் பேசவில்லை.

அவளுடைய போனை என் மகன் துடைத்துச் சுத்தம் செய்து தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். தப்பு இல்லை, அவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் அவள் குரல் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. சாயங்காலமானால் நான் தடியை ஊன்றிக்கொண்டு கருங்கற்களுக்குப் போவேன். அவன் வலையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவான். கேட்க வேண்டியதில்லை. போனை எடுத்து அமுக்கிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். பால் பொங்கியதும் அணைப்பான்.

உன் போனுக்கே அனுப்பிவிடுகிறேன் என்று ஒருதரம் சொன்னான். வேண்டாம் என்றேன். என்னிடம் இருந்தால் நாளெல்லாம் அதையே போட்டுக்கொண்டு கட்டிலில் கிடப்பேன். இங்கே இருந்தால் கற்கள்வரை நடந்தாவது வருவேன். அவன் செத்தபிறகு அந்தப் போன் அவன் மகளோடு மீஞ்சூர் போய்விட்டது. கேட்டால் தருவாள். நான் கேட்கவில்லை.

ஊர் குரூப்பில் அவன் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. வருவதைப் பார்ப்பதோடு சரி. காலையில் என்னோடு மட்டும் அந்த இன்னொன்றில் பேசுவான். ஆனால் பெரிய கம்பெனியைத் திட்டுவதை நிறுத்திவிட்டான். தேசிங்கு சீண்டினால்கூட, "சரிப்பா, சரி" என்று எழுந்து போய்விடுவான். அது எனக்கு என்னவோ போல இருந்தது.

அடுத்த வருஷம் ஒருநாள், வேலை நேரத்தில், என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சாமியானா இல்லை, கம்பு இல்லை, ஆனால் அன்றைக்கு நின்ற அதே மாதிரி நின்றான்.

"அண்ணாத்தே, வலைய இஸ்க்கும்போது போன் தண்ணில பூட்ச்சி."

"போன்தான, போனா போவுது," என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. தடியை எடுத்துக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் ஹைரோட்டுக்குப் போனோம். எதிரில் வேறு கடை இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. முதலில் தெரிந்த கடையில் ஏறினான். ஒரு பொம்பளைதான் அந்தக் கடையை நடத்திக்கொண்டிருந்தது, கண்ணாடி போட்டிருந்தது. பழைய நம்பருக்கே வேறு சிம் வாங்கி, புதுப் போனில் போட்டு, அந்தப் பெரிய கம்பெனியுடையதை முதலில் திறந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பழசெல்லாம் வருமாம்மா?" என்றான்.

"எடுத்து வச்சிருந்தா வரும் அங்கிள்."

"யாரு எட்த்து வெக்கணும்?"

"அதுவே வெச்சிக்கும். கம்பெனியாண்ட இருக்கும்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டான். நான் நின்றேன். வெளியே மணலிக்குப் போகிற டேங்கர் லாரிகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றிருந்தன. வட்டம் சுற்றியது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்றைக்கு யாரைக் கும்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. வேண்டிக்கொள்ள அந்தக் கம்பெனியைத் தவிர யாரும் இல்லை.

"வந்துடுச்சி," என்றது அந்தப் பொம்பளை. "எதுன்னு பாருங்க."

அவன் தேடி அமுக்கினான்.

"தம்பி, நான்தான் அண்ணி பேசறேன்."

பால் பொங்குகிறவரை கேட்டோம். கடைக்காரப் பொம்பளை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டது.

"பத்திரமா வெச்சிக்கீறான் அண்ணாத்தே," என்றான். அதில் மெச்சுதலும் இல்லை, வசவும் இல்லை. வாழ்நாளெல்லாம் ஒருத்தனை எதிர்த்து நின்றவன், அவன் வீட்டில் போய்ச் சோறு வாங்கித் தின்றுவிட்டு வந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

"வேற எதுனா போடணுமா அங்கிள்?" என்று அந்தப் பொம்பளை கேட்டது.

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.  கடைசிவரை அவன் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த இன்னொண்ணு கீதே, அத்தயும் போடும்மா," என்றேன்.

என்னவென்று சொல்லத் தெரியாமல் என் போனை எடுத்துக் காட்டினேன். அது பார்த்துவிட்டுச் சிரித்தது. "இதா? இத்த இப்ப யாருமே வெச்சிக்கறதில்ல தாத்தா. இதுல யாராண்ட பேசப் போறாரு?"

"என்னாண்ட," என்றேன்.